ஸ்பாஞ்சில் இருந்த எள்

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். போனக்காடு எஸ்டேட் பள்ளிக்கூடத்திலும் பிறகு வித்துராவிலுமாகப் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்கு மேல் படித்ததெல்லாம் மீன் தீனி டப்பாவின் பின்பக்கத்தில் இருப்பதுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நம் மீன்தொட்டிக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டபோது, எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அதுவும் லேசில்லை என்று தெரிகிறது.

தொட்டி கழுவுவது, உப்பு அளப்பது, மோட்டார் மாட்டுவது எல்லாம் கடையில் இருப்பவர்களே உங்களுக்குக் காட்டிவிடுவார்கள். நான் ஒரே ஒரு தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். கைபேசி எல்லார் கையிலும் வராத காலம். திருவனந்தபுரத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருந்த வீடுகளே குறைவு. அவற்றில் பாதி வீடுகளுக்கு நான்தான் போய்க்கொண்டிருந்தேன். பகலில் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில் ஆண் வேலைக்காரர் வருவதைவிடப் பெண் வந்தால் நல்லது என்று முதலாளி என்னை அனுப்பினார். அப்படித்தான் இந்தத் தொட்டி இருந்த மாமியின் வீட்டுக்கும் போக ஆரம்பித்தேன்.

அவர்கள் கோட்டைக்குள் அக்ரகாரத்து வீட்டை விற்றுவிட்டு ஃப்ளாட்டுக்கு வந்தவர்கள். மாமியின் கணவர், நான் சார் என்று கூப்பிடுவது, அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் அமெரிக்காவில். அவன் வாங்கி வைத்துவிட்டுப் போன தொட்டியை மாமி தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். நாலடித் தொட்டி. உள்ளே ஒரு ஜோடி கிளவுன் மீனும் அவை குடியிருக்க ஒரு அனிமோனும். பூ மாதிரி விரிந்து மூடுகிற கடல் பிராணி அது. கிளவுன் மீன் அதை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகாது. ‘பிறந்தகம் புக்ககம் எல்லாம் அவாளுக்கு இதுதான்’ என்று மாமி சிரிப்பார்.

அனிமோனுக்கு வாரம் ஒரு தடவை இறால் துண்டு கொடுக்க வேண்டும். அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இறால் வைக்க முடியாது. அதனால் நானே ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோவேன். டப்பாவை அடுக்களைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, தொட்டிக்குள்ளே என்ன வேணுமானாலும் நடக்கட்டும், அது சமுத்திரம், அதற்கு நம்ம ஆத்துச் சட்டம் கிடையாது என்பார் மாமி. இறால் போடும்போது மட்டும் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார். மற்றபடி மீன்களுக்குக் குச்சித் தீனிதான், அதுவும் ஒரு சிட்டிகை. நாங்கள் போகும் வீடுகளிலேயே குறைவாகத் தீனி போடும் வீடு அது. இது ஞாபகம் இருக்கட்டும். நான் தடுமாறியது இங்கேதான்.

மாமி ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். மகன் வந்து காரியங்கள் முடித்துவிட்டுத் திரும்பிப் போனான். சார் தனியானார். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். நான் போனதும் அவர் வாசற்கதவை முழுக்கத் திறந்து வைத்து, நாற்காலியை எடுத்துக் கதவை ஒட்டிப் போட்டு, வெளியே வராந்தாவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். எதிர் ஃப்ளாட்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று எனக்காகச் செய்தது. முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசுவார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. முகம் பார்த்துப் பேச வராத இரண்டு பேருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஸ்டீல் டம்ளரில் காப்பி போட்டுத் தொட்டிப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருப்பார். சர்க்கரை எப்போதும் அதிகமாக இருக்கும். நான் சொன்னதில்லை.

கரமனையில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காப்பியைக் குடித்தால்தான் அந்த வாரம் ஒருவர் எனக்கென்று ஏதோ செய்தார் என்ற கணக்கு வரும். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

மாமி போன சில மாதங்களில் தொட்டியில் முடிப்பாசி வந்தது. முதலில் பாறை ஓரத்தில் ஒரு பச்சை நிழல். பிறகு பாறையே தெரியாமல் ஆட்டு ரோமம் மாதிரி வளர்ந்தது. நான் பிய்த்து எடுப்பேன். அடுத்த வாரம் அதைவிட நீளமாக இருக்கும். தண்ணீரில் பாஸ்பேட் சேர்ந்தால்தான் இந்தப் பாசி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மிஞ்சிய தீனி அழுகினாலும் வரும், கெட்ட தண்ணீராலும் வரும்; இங்கே எந்த வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி.

பாஸ்பேட் கிட்டை எடுத்துப் பார்த்தேன். சொட்டு விட்டால் தண்ணீர் நீலமாக வேண்டும், எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். அந்த வீட்டுத் தண்ணீர் வெள்ளையாகவே நின்றது. கிட் பழசாகிவிட்டதோ என்று கடைத் தொட்டியில் சோதித்தேன், அங்கே நீலம் வந்தது. அதனால் கிட்டை நம்பினேன். வருகிற பாஸ்பேட்டை எல்லாம் வர வரப் பாசியே தின்றுவிடுகிறது, தண்ணீரில் மிச்சம் இல்லாததால்தான் நிறம் வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பாசி அடர்ந்த தொட்டியில் கிட் சுத்தம் என்று சொன்னால் நம்பாதீர்கள். கண்ணால் காண்பதை நம்புங்கள்.

தீனி குறைவான வீடு என்பதால் தீனியை நான் சந்தேகிக்கவே இல்லை. மழையில் ஆற்றுத் தண்ணீர் கலந்த கடல்நீராக இருக்கும் என்று சங்குமுகத்தில் எடுப்பதை நிறுத்தி, விழிஞ்ஞம் தாண்டிப் போய் எடுத்து வரச் செய்தேன். பலனில்லை. விளக்கு பழசு என்று மாற்றினேன். பலனில்லை. இன்னொரு விஷயமும் இருந்தது. தொட்டிக்குக் கீழே ஸ்கிம்மர் இருக்கும், தண்ணீரில் உள்ள அழுக்கை நுரையாகத் தள்ளும் இயந்திரம். தினமும் மத்தியானம் நுரை நின்றுபோகிறது, சாயங்காலம்தான் மறுபடி வருகிறது என்று சார் சொன்னார். தண்ணீர் மேல் ஒரு எண்ணெய்ப் படலமும் இருந்தது. மோட்டாரில் எண்ணெய் கசிகிறது என்று நினைத்து மோட்டாரை மாற்றினேன். மறுநாளும் மத்தியானம் நுரை நின்றது.

அனிமோன் சுருங்க ஆரம்பித்தது. பாசி அதன் அடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. பெரிய கிளவுன், மாமி ‘மூத்தவ’ என்று கூப்பிடுவது, பாசியைக் கடித்துக் கடித்து இழுத்து வழி பண்ணிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில் மகன் விடுமுறைக்கு வந்தான். அப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறான். விழுந்தால் தூக்க ஆள் இல்லாத வீடு. திரும்பிப் போன பிறகு கடைக்குப் போன் செய்து, தொட்டியை எடுத்துப் போய்விடச் சொல்லிவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “திங்களாழ்ச்ச வண்டி போகும் செல்வி. அதுக்கு முன்ன வேணும்னா அந்தப் பாசி மருந்து ஊத்திப் பாரு. ஒரு ராத்திரியில கிளீனாயிடும்.”

“அனிமோன் செத்துரும் முதலாளி.”

“எடுத்துட்டு வந்தா மட்டும் பிழைக்குமா? இருக்கிற இருப்புக்கு வழியிலேயே தீரும்.”

அவர் சொன்னது சரிதான். அந்த நிலையில் அனிமோனை எடுத்து இடம் மாற்றினால் தாங்காது. மருந்து ஊற்றினாலும் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். மருந்துப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அன்று ஃப்ளாட்டில் தண்ணீர் வரவில்லை. குழாய் உடைந்து நகரத்தில் பாதி இடத்தில் சப்ளை இல்லை. ஸ்கிம்மருக்கு முன்னால் இருக்கும் ஸ்பாஞ்சை எப்போதும் ஓடுகிற குழாயில் காட்டி இரண்டு பிழி பிழிந்து மாட்டிவிடுவேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். நீங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருப்பீர்கள். அன்று வேறு வழியில்லாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வெள்ளை வாளியில் ஊற்றி அதில் பிழிந்தேன். வாளியின் அடியில் கறுப்பாக ஏதோ தங்கியது. நத்தை முட்டை என்று நினைத்தேன். கையை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். எள்.

கடல் தொட்டிக்குள் எள் எப்படி வரும்? மறுபடி பிழிந்தேன். இன்னும் எள். கூடவே வெள்ளையாக, கரைந்தும் கரையாமலும், ஒரு சோற்றுப் பருக்கை.

மாமி இருந்தபோது சாப்பாட்டுக்கு முன் ஒரு கவளம் சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து காக்கைக்கு வைப்பார். சனிக்கிழமை எள்ளு சாதம். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே இருந்த சிமெண்டுப் பலகைதான் இடம். மாமி போன பிறகு அசோசியேஷன்காரர்கள், கார் மேல் காக்கையும் புறாவும் அசிங்கம் பண்ணுகின்றன என்று எல்லா ஜன்னல்களுக்கும் நைலான் வலை அடித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். வலை அடித்த அன்று நான் அங்கே இருந்தேன். தெரிந்தும் சேர்த்துப் பார்க்கவில்லை. மத்தியானம் நுரை நின்றது, எண்ணெய்ப் படலம், குறைவான தீனியில் இவ்வளவு பாசி, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், காக்கைக் கவளம் தொட்டிக்குள் போகிறது. நெய் பட்டால் ஸ்கிம்மர் நுரைக்காது.

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இந்த இடத்தைத்தான். காரணம் கிடைத்தவுடன் எனக்கு வந்தது சந்தோஷம். ‘சார், கண்டுபிடிச்சுட்டேன்’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவோரம் அவர் முதுகு தெரிந்தது. இதைச் சொன்னால் அவர் நிறுத்திவிடுவார், அதில் சந்தேகமில்லை. நிறுத்திவிட்டு நாளைக்கு மத்தியானம் அந்தக் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவார்? அதற்குப் பதில் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று தோன்றியது. எள்ளைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டேன். கீழே போய்த் தண்ணீர் கிடைக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வாளியோடு இறங்கினேன்.

வாட்ச்மேன் பாறசாலைப் பக்கத்து ஆள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான். தண்ணீர்த் தொட்டி பார்க்க வருபவர்களைத் தவிர யாரையும் விடக் கூடாது என்று உத்தரவு. நான் யாரிடமும் வலியப் போய் எதுவும் கேட்டதில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அவரே என்ன விஷயம் என்று கேட்ட பிறகு, சார் காக்கைக்குச் சாதம் வைக்க மாடியைத் திறந்துவிட முடியுமா என்று தட்டுத் தடுமாறிக் கேட்டேன்.

“அது நடக்காது கேட்டோ,” என்றார். “ஸெக்ரட்டரி சாரு கண்டா என் ஜோலி போயிரும். நீ வந்து ராத்திரி காவல் இருப்பியா?”

நான் வாளியை எடுத்துக்கொண்டேன். திரும்பி இரண்டு படி ஏறியிருப்பேன்.

“ஏ பெண்ணே, நில்லு,” என்றார். “அந்த மாமி எனக்கும் சோறு தரும், தெரியுமா? முதல்ல காக்காய்க்கு, அப்பறம் எனக்கு. நான் சொல்லுவேன், மாமி, ஒரு நாளாவது என்னை முதல்ல கூப்பிடுங்கன்னு. காக்காய் கோச்சுக்கும்னு சொல்லும்.” சாவிக் கொத்தில் ஒரு சாவியைத் தேடிப் பிரித்தார். “மத்தியானம் ஸெக்ரட்டரி சாரு உறங்கும். அந்த நேரம்னா வரட்டும். மேல எச்சில் ஒண்ணும் கிடக்கக் கூடாது.”

மேலே வந்தேன். சார் அதே இடத்தில் இருந்தார். துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் எள்ளை வைத்து, அவர் முன்னால் போய் நின்றேன். அவர் முகத்துக்கு நேரே நான் நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“ஸ்பாஞ்சில இருந்துச்சு சார்.”

அவர் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு பார்த்தார். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. “எள்ளாக்கும். நேத்திக்கு சனிக்கிழமையில்லையோ,” என்றார். “வலை அடிச்சப்பறம் வெக்க இடமில்லை. இதுகள் ரெண்டும் அவ வளர்த்ததுகள். நான் கையை நீட்டினா ஓடி வரதுகள். காக்கை கூட இவ்வளவு சீக்கிரம் வராது கேட்டியோ. அவ பேரைச் சொல்லித்தான் போடறேன்.”

அந்த மீன்கள் ஓடி வந்து பருக்கையை வாயில் வாங்கும். வாங்கித் துப்பிவிடும். அவர் கண்ணுக்கு வாங்குவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

“சோறு மீனுக்குச் சேரல சார்,” என்றேன். “தண்ணியில கரைஞ்சு பாசிக்குத்தான் போகுது. பாசி இப்ப அனிமோனை மூடுது. அது போனா மீனும் நிக்காது.”

இதைவிடப் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அவர் எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார். மூத்தவ பாசியை விட்டு மேலே வந்து அவர் பக்கம் நின்றது. “அப்ப இத்தனை நாளும் நான் பாசிக்கா சாதம் போட்டுண்டிருந்தேன்,” என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

மொட்டை மாடி விஷயத்தைச் சொன்னேன். வாட்ச்மேன் திறந்து விடுவார் என்றேன். அவர், “அங்கே காக்கை வருமோ?” என்று கேட்டார்.

“வரும் சார்,” என்றேன். வருமா என்று எனக்கு என்ன தெரியும்?

மருந்துப் புட்டியை வெளியே எடுக்கவில்லை. அனிமோனின் அடியைச் சுற்றிக் கையால் பிய்க்க முடிந்த அளவு பாசியைப் பிய்த்தேன். கேனில் கொண்டுபோயிருந்த கடல்நீரை விட்டுத் தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினேன். கடையில் வந்து முதலாளியிடம் காரணம் தெரிந்துவிட்டது, வண்டி வேண்டாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நெய்ச்சோறு! கடல் தொட்டியில!” என்றார். பிறகு, எடுக்கச் சொன்னது மகன், வண்டி வரத்தான் வரும், பெரியவர் வேண்டாம் என்று சொன்னால் டிரைவர் திரும்பட்டும் என்று சொல்லிவிட்டார். அன்று இரவு எனக்கு அதுதான் கவலை. சாரும் என்னைப் போலத்தான். வாசலில் வந்து நிற்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வராது. மகன் அனுப்பிய ஆட்கள் என்றால் நகர்ந்து வழிதான் விடுவார்.

அந்தத் தொட்டி பிறகு தெளிந்ததா என்று கேட்பீர்கள். தெளிந்தது. ஆனால் உடனே இல்லை. பாறைகள் அத்தனை நாள் குடித்து வைத்திருந்த பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டன. சோறு நின்ற பிறகும் மழைக்காலம் ஒன்று முழுக்கப் பாசி வந்துகொண்டேதான் இருந்தது. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் காரணம் அதுவல்ல என்று முடிவு செய்து வேறு எதையாவது ஊற்றுவார்கள். நான் பிய்த்துக்கொண்டே இருந்தேன். அனிமோன் மறுபடி விரிந்தது. பாசி குறைவதைப் போனில் கேட்ட மகன், அப்புறம் தொட்டியை எடுக்கும் பேச்சை எடுக்கவில்லை. தொட்டி சுத்தமானதும், வாரா வாரம் வர வேண்டாம், மாதம் ஒரு தடவை போதும் என்று கடையில் முடிவு செய்தார்கள். நியாயமான முடிவு. நம் வேலையை ஒழுங்காகச் செய்தால் நாம் குறைவாகத் தேவைப்படுவோம். இதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது எனக்குத் தோள் தூக்க முடியவில்லை, விரல் நுனியெல்லாம் உப்பில் வெடித்து ஆறாமல் இருக்கிறது. வித்துராவில் இருக்கிறேன். இங்கே காக்கைக்குக் குறைவில்லை. உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஸ்பாஞ்சை ஓடுகிற குழாயில் கழுவாதீர்கள். வெள்ளை வாளியில் பிழிந்து கையால் தடவிப் பாருங்கள். கையில் ஏதாவது தட்டுப்பட்டால் உடனே கத்தாதீர்கள்.

எள் கிடைத்த மறுநாள் நடந்ததை வாட்ச்மேனும் டிரைவரும் சொல்லித்தான் கேட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் சார் ஒரு வாழையிலைத் துண்டில் சாதத்தோடு மாடிக்குப் போனார். முதலில் காக்கை வரவில்லை. அவர் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். அந்த நேரத்தில் எங்கள் கடை வண்டி வந்தது. டிரைவர் மேலே போய் மணியை அடித்து அடித்துப் பார்த்தார். ஆள் இல்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சார் எப்போது இறங்கினார், பிறகு காக்கை வந்ததா என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை, அவர் அதற்குள் சாப்பிடப் போயிருந்தார். சாயங்காலம் கடைக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். இன்றைக்கு மத்தியானம் நுரை நிற்கவில்லை என்று சார் சொன்னார்.